நாலு விரல் இடைவெளி: பழைய காரைத் தாழ்த்துவது பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

பழைய மாருதி 800 ஒன்றின் முன்டயருக்கும் அதன் மேலே வளைந்து நிற்கும் மட்கார்டு தகட்டுக்கும் நடுவே கையை நுழைத்துப் பாருங்கள். நாலு விரல் தாராளமாகப் போகும். வண்டியை 'இறக்க' ஆசைப்படுகிறவர்கள் கண்ணை உறுத்துவது அந்த இடைவெளிதான். 12 அங்குலச் சக்கரம், அதுக்கு மேல ஒரு பெரிய ஓட்டை, அதுக்கும் மேல பெட்டி மாதிரி உடம்பு. முழங்காலுக்கு மேல வேட்டியைத் தூக்கிக் கட்டின ஆள் போல வண்டி நிற்கும். ஸ்பிரிங்கைக் குறைத்து உடம்பை ஒரு ஒன்றரை அங்குலம் கீழே கொண்டுவந்துவிட்டால் அதே வண்டி வேறு வண்டியாகிவிடுகிறது. தோள் இறங்கி, பாதம் அகன்று, தரையோடு ஒட்டின ஒரு தெம்பு வந்துவிடும். 'வண்டி கொள்ளாம்லா' என்று நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

இந்த அழகை நான் மறுக்கவில்லை. 1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன ஒரு வண்டியை இன்றைக்கும் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. என் கேள்வி வேறு. அந்த நாலு விரல் இடைவெளி எதற்காக அங்கே இருக்கிறது? அதை எடுத்துவிட்டால் அதன் வேலையை யார் செய்வது? வண்டியைத் தாழ்த்துவது பற்றிப் பேசும்போது உயரத்தைப் பற்றியே பேசுகிறோம். உண்மையில் அங்கே செலவாகிறது உயரம் இல்லை, சக்கரம் மேலே ஏறி வருவதற்கென்று ஒதுக்கி வைத்த தூரம். இந்தக் குறிப்பு முழுக்க அந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான்.

இந்தத் தோற்றம் எங்கிருந்து வந்தது

தாழ்ந்த காருக்கு இரண்டு பூர்வீகம் உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை.

முதலாவது ரேஸ். சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 3.717 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயத் தடம் 1990 முதல் இருக்கிறது. அதற்கு முன்பு சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்தது. பந்தயத்தில் காரைத் தாழ்த்துவதற்குக் காரணம் சுத்தமான இயற்பியல். வளைவில் வண்டியின் எடை உள்பக்கச் சக்கரத்திலிருந்து வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் போகும். எவ்வளவு போகும் என்பது ஈர்ப்பு மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஈர்ப்பு மையம் 50 செ.மீ. உயரத்தில் உள்ள காரை 4 செ.மீ. இறக்கினால் அந்த எடை மாற்றம் 8 சதவீதம் குறையும். பந்தயத்தில் 8 சதவீதம் என்றால் பெரிய சொத்து. தடமோ சமமானது. வேகத்தடை கிடையாது, குழி கிடையாது, பின்சீட்டில் மாமியாரும் கிடையாது. ஓட்டுநர் ஒருத்தர்தான். ஸ்பிரிங் எவ்வளவு கல்லாக இருந்தாலும் ஒரு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது பூர்வீகம் லாஸ் ஏஞ்சல்ஸ். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கிருந்த மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் பழைய கார்களை வாங்கி, டிக்கியில் மணல் மூட்டை ஏற்றியும் ஸ்பிரிங்கை வெட்டியும் தாழ்த்தினார்கள். இவர்களுக்கு வேகம் வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருவில் மெதுவாக, நாலு பேர் பார்க்கும்படி ஊர்ந்து போவதுதான் நோக்கம். கலிபோர்னியா அரசு 1958-ல் ஒரு சட்டம் போட்டது: சக்கரத்தின் இரும்பு விளிம்புக்குக் கீழே வண்டியின் எந்த உறுப்பும் தொங்கக் கூடாது. அதற்கு அவர்கள் கண்ட பதில், விமானங்களிலிருந்து கழித்த ஹைட்ராலிக் பம்புகளை வாங்கி மாட்டியது. நிறுத்தும்போது வண்டி தரையைத் தொடும். ஓட்டும்போது, போலீஸைக் கண்டால், சுவிட்சைத் தட்டினால் எழும்பும். தாழ்ந்த வண்டியில் வேகமாகப் போக முடியாது என்பதை அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். அதையே தங்கள் ஸ்டைலாக ஆக்கிக்கொண்டார்கள்.

ஒரு மரபு சமமான ரோட்டில் வேகம் தேடியது. இன்னொன்று வேகத்தையே விட்டுக்கொடுத்தது. இரண்டும் தங்கள் ரோட்டைப் பற்றித் தெளிவாக இருந்தன. நம்ம ஊரில் இரண்டையும் சேர்த்துக் குழப்புகிறோம். தோற்றத்தை லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து எடுக்கிறோம், வேகத்தை இருங்காட்டுக்கோட்டையிலிருந்து எடுக்கிறோம், ஓட்டுவது என்னவோ குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்கு. கேரளத்தில் சில வருஷங்களாகக் கொடிகட்டிப் பறக்கும் இந்த மோகம் களியக்காவிளை தாண்டி இந்தப் பக்கம் வர எந்தத் தடையும் இல்லை. வந்தது தோற்றம் மட்டும். அந்தத் தோற்றத்துக்குள்ளே இருந்த விவேகம் வரவில்லை.

வெட்டிய ஸ்பிரிங்

மலிவான வழி எல்லாருக்கும் தெரியும். ஸ்பிரிங்கைக் கழற்றி ஒரு சுற்றை வெட்டி எறிவது. அரை நாள் வேலை. வண்டி இறங்கிவிடும்.

இதில் மூன்று விஷயங்கள் நடக்கின்றன. ஒன்று, ஸ்பிரிங் கடினமாகிறது. சுருள் ஸ்பிரிங்கின் விறைப்பு, அதில் வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர் விகிதத்தில் இருக்கும். 6 சுற்றில் ஒன்றை வெட்டினால் 5 மிச்சம், விறைப்பு 1.2 மடங்கு. இந்த 20 சதவீதத்தை வைத்துக்கொண்டுதான் 'வண்டி டைட்டாயிட்டு' என்று சந்தோஷப்படுகிறோம்.

இரண்டாவது, ஸ்பிரிங்கின் நுனி. கம்பெனி ஸ்பிரிங்கின் இரண்டு முனைகளும் அது உட்காரும் தட்டுக்கு ஏற்ற மாதிரி அமைக்கப்பட்டவை. தட்டில் அதற்கென்று ஒரு பள்ளமும் இருக்கும். நடுச்சுற்றில் வெட்டிய முனை அந்தப் பள்ளத்தில் ஒழுங்காக உட்காராது. ஒரு புள்ளியில் மட்டும் குத்திக்கொண்டு நிற்கும். எடை முழுவதும் அந்தப் புள்ளியில்.

மூன்றாவது, எதால் வெட்டினார்கள் என்பது. கேஸ் டார்ச்சால் வெட்டினாலோ, இன்னும் மோசமாக, வெட்டாமல் சூடுகாட்டி ஸ்பிரிங்கை அமுக்கினாலோ, அந்த எஃகின் பதம் போய்விடும். ஸ்பிரிங் எஃகுக்கு உயிரே அந்தப் பதம்தான். அரிவாளுக்குத் துவையல் வைக்கிற கொல்லனுக்கு இது தெரியும். பதம் போன ஸ்பிரிங் நாளாக நாளாகத் தானாகவே இன்னும் இறங்கும், ஒரு பக்கம் கூடுதலாக இறங்கும், இல்லையென்றால் ஒரு நாள் ஒடியும்.

இது மூன்றையும் பலபேர் சொல்லிவிட்டார்கள். ஆனால் நல்ல கம்பெனி ஒன்று ஒழுங்காகச் செய்து விற்கிற தாழ்வான ஸ்பிரிங்கிலும் மிச்சமிருக்கிற பிரச்சினை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்கிறவர்கள் குறைவு.

கணக்கு இடிக்கிற இடம்

கணக்குக்கு வசதியாக ஒரு காரை எடுத்துக்கொள்வோம். அதன் முன் ஷாக் அப்சார்பர் மொத்தம் 150 மி.மீ. நீளுகிற, சுருங்குகிற ஒன்று. வண்டி சும்மா நிற்கும்போது ஷாக் நடுவில் நிற்கிறது: சக்கரம் மேலே ஏற 75 மி.மீ., கீழே இறங்க 75 மி.மீ. இப்போது ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி வண்டியை 40 மி.மீ. தாழ்த்துகிறோம். ஷாக் பழையதுதான். சக்கரம் மேலே ஏற மிச்சம் 35 மி.மீ. கீழே இறங்க 115 மி.மீ.

அந்த 35 மி.மீ.க்குப் பிறகு என்ன? பம்ப் ஸ்டாப் என்று ஒரு ரப்பர் கட்டை இருக்கும். அதில் போய் முட்டும். அதற்கும் இடமில்லை என்று ரப்பரையும் வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் ஷாக்கின் பிஸ்டன் அடியில் உள்ள வால்வில் நேரடியாகப் போய் இடிக்கும். ஆயில் சீல் போகும், மேலே ஸ்ட்ரட் மாட்டியிருக்கிற தகடு விரிசல் விடும்.

'ஸ்பிரிங்தான் டைட்டா இருக்கே, அவ்வளவு தூரம் அமுங்காதே' என்று ஒரு பதில் வரும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மேட்டில் ஏறும்போது சக்கரத்துக்குக் கிடைக்கிற அடியை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும் திறன், விறைப்பையும் அமுங்கும் தூரத்தின் இருமடிப் பெருக்கத்தையும் பொறுத்தது. ஷாக்கின் பங்கை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 75 மி.மீ.யில் வாங்கின அதே அடியை 35 மி.மீ.க்குள் வாங்க வேண்டுமானால் ஸ்பிரிங் ஏறக்குறைய 4.6 மடங்கு விறைப்பாக இருக்க வேண்டும். ஒரு சுற்றை வெட்டி நாம் கொடுத்தது 1.2 மடங்கு. 4.6 கேட்கிற இடத்தில் 1.2. மிச்சத்தை வாங்குவது பம்ப் ஸ்டாப், பாடித் தகடு, உங்கள் முதுகெலும்பு.

பேச்சிப்பாறை அணையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். 1897-ல் தொடங்கி 1906-ல் முடித்த அணை. முழு நீர்மட்டம் 48 அடி. ஆனால் மழைக்காலத்தில் 48 அடியும் நிறையட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை. அதற்கு முன்பே மறுகால் திறந்துவிடுவார்கள். ஏன்? மேலே கோதையாற்று மலையில் இன்றைக்கு ராத்திரி எவ்வளவு மழை கொட்டும் என்று தெரியாது. அந்தத் தெரியாத மழைக்காக அணையில் கொஞ்சம் காலியிடம் விட்டு வைக்கிறார்கள். 'ஆறு அடி சும்மா கிடக்குதே, வீண்தானே' என்று யாரும் சொல்வதில்லை. காரின் டயருக்கு மேலே உள்ள நாலு விரல் இடைவெளியும் அப்படி விட்டு வைத்த காலியிடம்தான். வரப்போகிற குழிக்காக விட்டது.

குட்டை இன்சர்ட் என்ன செய்கிறது

இங்கேதான் ஷாக்கின் குட்டை இன்சர்ட் வருகிறது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மெக்பர்சன் ஸ்ட்ரட் என்பது ஃபோர்டு கம்பெனியில் வேலை பார்த்த ஏர்ல் மெக்பர்சன் என்ற பொறியாளரின் யோசனை. 1950-களில் ஃபோர்டு கான்சல் போன்ற கார்கள் மூலம் பரவியது. மாருதி 800, ஜென், எஸ்டீம் எல்லாவற்றிலும் முன்பக்கம் இதுதான். அம்பாசடரில் முன்பக்கம் முறுக்குத் தண்டு. பத்மினியில் ஸ்பிரிங் உண்டு, ஆனால் ஷாக் தனியாக நிற்கும். ஆகவே இந்தப் பேச்சு அவற்றுக்குப் பொருந்தாது.

ஸ்ட்ரட் என்றால் ஒரு கனமான இரும்புக் குழாய். கீழ்முனை சக்கரத்தைத் தாங்கும் கட்டையோடு சேர்ந்தது, மேல்முனை பாடியோடு. ஸ்பிரிங் இதன் மேலே உட்கார்ந்திருக்கும். ஷாக் இந்தக் குழாய்க்கு உள்ளே. சில பழைய கார்களில் குழாயின் தலையில் ஒரு பெரிய நட்டு இருக்கும். அதைக் கழற்றி, பழைய கம்பியையும் உள்குழாயையும் உருவி, கெட்டுப்போன ஆயிலைக் கொட்டி, குழாயைத் துடைத்து, ஒரே துண்டாகச் சீல் செய்து வருகிற புது ஷாக்கை உள்ளே இறக்கலாம். அதுதான் இன்சர்ட். இறக்கும்போது குழாய்க்கும் இன்சர்ட்டுக்கும் நடுவே கொஞ்சம் ஆயில் ஊற்றுவது வழக்கம், சூடு வெளியே கடந்து போக. நட்டை முறுக்கினபிறகு இன்சர்ட் உள்ளே ஒரு மயிரிழைகூட ஆடக் கூடாது. குட்டை இன்சர்ட் என்றால், அடியில் சரியான உயரத்துக்கு ஒரு கட்டை கொடுத்தோ, குழாயையே குறைத்தோ பொருத்துவார்கள். முன்னதில் ஷாக்கின் தலை பழைய இடத்திலேயே நிற்கும், மேலே ஏற இடம் கூடாது. பின்னதில்தான் உண்மையான லாபம்.

நம் கணக்குக்குத் திரும்புவோம். குழாய் 30 மி.மீ. குறைகிறது, ஷாக்கின் ஓட்டமும் 30 மி.மீ. குறைந்து 120 ஆகிறது. வண்டி அதே 40 மி.மீ. தாழ்ந்துதான் நிற்கிறது. இப்போது சக்கரம் மேலே ஏற 65 மி.மீ., கீழே இறங்க 55 மி.மீ. முன்பு 35-ம் 115-ம் ஆக ஒருதலைப்பட்சமாக இருந்தது, இப்போது கிட்டத்தட்ட நடுவுக்கு வந்துவிட்டது. மேலே போக வேண்டிய 30 மி.மீ.யைக் கீழ்ப்பக்கத்திலிருந்து கடன் வாங்கிக் கொடுத்திருக்கிறோம்.

இன்னொரு நன்மையும் உண்டு. தாழ்வான ஸ்பிரிங் இயல்பிலேயே நீளம் குறைந்தது. பழைய ஷாக் 115 மி.மீ. வரை கீழே நீளும்போது ஸ்பிரிங் அந்தத் தூரத்தை நிரப்ப முடியாமல் தளர்ந்து தொங்கும். ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார்த்தால் கையால் சுற்றலாம், கடகடவென்று ஆடும். ஓடும்போது ஒரு பெரிய பள்ளத்தில் சக்கரம் தொங்கினால் ஸ்பிரிங் தட்டிலிருந்து நழுவி, திரும்ப உட்காரும்போது கோணலாக உட்காரும். குட்டை ஷாக் அந்த அளவுக்குக் கீழே போகவே விடாது. ஸ்பிரிங் எப்போதும் பிடியில் இருக்கும்.

ஆக, தாழ்வான ஸ்பிரிங் என்றால் கூடவே குட்டை ஷாக்கும் வேண்டும். ஒன்றைப் போட்டு மற்றதை விட்டால் அது பாதி வேலை. காசு மிச்சம் என்று ஸ்பிரிங்கில் நிறுத்திக்கொள்கிறவர்கள் உண்மையில் செய்தது, தோற்றத்தை வாங்கிக்கொண்டு விலையை ரோட்டின் மேல் எழுதிவைத்தது.

ஆனால் குட்டை இன்சர்ட்டும் மந்திரக்கோல் கிடையாது. அது ஷாக்கின் உள்ளே இடம் கொடுக்கும். டயர் மேலே ஏறி மட்கார்டில் உரசினால் அதற்கு அது ஒன்றும் செய்ய முடியாது. இன்னொன்று, வண்டி தாழும்போது கீழே சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையின் கோணம் மாறும். கம்பெனி வைத்த இடத்தில் அந்தக் கை வெளிப்புறம் சற்றே தாழ்ந்தோ, கிடைமட்டமாகவோ இருக்கும். ரொம்பத் தாழ்த்தினால் வெளிப்புறம் மேல்நோக்கி ஏறிவிடும். அப்போது வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்குகிறது. விளைவு: ஈர்ப்பு மையம் தாழ்ந்தும் வண்டி வளைவில் சாய்வதற்கான நெம்புகோல் நீண்டுவிடும். ஸ்டீயரிங் கம்பியின் கோணமும் கெடுவதால், குழியில் விழும்போது சக்கரம் தானாகத் திரும்பப் பார்க்கும். பந்தயக் காரில் இதையெல்லாம் சரிசெய்ய வேறு உறுப்புகள் மாட்டுவார்கள். நாம் மாட்டுவதில்லை.

குழாயை வெட்டிச் சேர்ப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெக்பர்சன் ஸ்ட்ரட் வெறும் ஷாக் இல்லை. பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கிற தூணே அதுதான். லேத்தில் நேராக வெட்டி, கோடு மாறாமல், திறமையான கை வெல்டு வைத்தால் நிற்கும். மூலைக்கடையில் கண்ணளவில் வெட்டி ஒட்டினால், பிரேக் மிதிக்கிற ஒரு நாளில் சக்கரம் உள்பக்கமாக மடியும். அந்த வேலை தெரிந்தவர் கிடைக்காவிட்டால் விட்டுவிடுவதுதான் புத்தி.

ரோடு என்ன சொல்கிறது

இனி வண்டியை குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்கு ஓட்டிப் பார்ப்போம். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறுகிற ரோடு. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு மழையும் பெய்கிற மாவட்டம் இது. தாரின் ஓரம் அரித்துச் செம்மண் தெரியும். மர நிழலில் ரோடு காயாது, இலை விழுந்து வழுக்கும்.

முதலில் சுமை. மாருதி 800-ன் எடை சுமார் 650 கிலோ. அதில் 65 கிலோ வீதம் ஐந்து பேர் ஏறினால் 325 கிலோ. வண்டியின் எடையில் பாதி. ஒரு பெரிய காரில் ஐந்து பேர் ஏறினால் இந்த விகிதம் இவ்வளவு வராது. சின்ன வண்டிக்கு டயர் மேலே அவ்வளவு இடைவெளி விட்டதன் ரகசியம் இதுதான்: காலியாகவும் ஓடணும், பாதி எடை கூடியும் ஓடணும். வண்டியை இறக்கி போட்டோ எடுக்கும்போது உள்ளே யாரும் இல்லை. திற்பரப்பு அருவிக்குக் குடும்பத்தோடு போகும்போது ஐந்து பேர், டிக்கியில் சோற்றுப் பாத்திரம், வரும் வழியில் வாங்கின பலாப்பழம். ஏற்கெனவே 35 மி.மீ.தான் மிச்சம் என்ற வண்டியில் இந்தச் சுமையே அதைத் தின்றுவிடும். நிற்கும்போதே பம்ப் ஸ்டாப்பில் உட்கார்ந்திருக்கும்.

அப்படி உட்கார்ந்த வண்டி நேர் ரோட்டில் முதுகை வலிக்க வைக்கும், அவ்வளவுதான். வளைவில்தான் ஆபத்து. வளைவில் வெளிப்பக்க முன்சக்கரம் ஏற்கெனவே அமுங்கியிருக்கும். அந்த நேரத்தில் ஒரு சின்னக் குழி வந்தால் சக்கரம் ஏற இடமில்லை. மெத்தென்று இருந்த ஸ்பிரிங் ஒரு நொடியில் கல்லாகிறது. டயர் ரோட்டைத் தொடர்ந்து அழுத்த முடியாமல் துள்ளும். ஈர ரோட்டில் துள்ளின டயருக்குப் பிடி கிடையாது. வண்டி நேரே போகும், வளைவு வேறு பக்கம் போகும். தாழ்ந்த வண்டி ரோட்டை ஒட்டிக்கொண்டு போகும் என்ற நம்பிக்கை சரியாக எதிர்மறையாகிற இடம் இது.

அடுத்து வேகத்தடை. இதில் ஒரு சுவாரசியமான கணக்கு உண்டு. இந்திய சாலைக் காங்கிரஸ் 1988-ல் போட்ட வழிகாட்டியின்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம் உள்ள வட்டவில் வளைவாக இருக்க வேண்டும். 25 கி.மீ. வேகத்தில் கடப்பதற்கு. மாருதி 800-ன் இரு சக்கர அச்சுகளுக்கு நடுவே 2.175 மீட்டர். இந்த வண்டி அந்த வேகத்தடையின் உச்சியில் நிற்கும்போது நாலு சக்கரமும் மேட்டின் மேலேயே இருக்கும். நடுவயிற்றில் குறைகிற இடைவெளி வெறும் 35 மி.மீ. கம்பெனி கொடுத்த 170 மி.மீ.யிலிருந்து 40 இறக்கி, அதிலிருந்து இந்த 35-ஐயும் கழித்தாலும் காலி வண்டிக்கு 95 மி.மீ. மிச்சம். உரசவே உரசாது.

ஆனால் நாம் நடைமுறையில் சந்திக்கிற வேகத்தடை அப்படியா இருக்கிறது? ஒரு முழ அகலத்தில் 15 செ.மீ. உயரத்துக்கு சிமென்டையோ தாரையோ குவித்து வைத்திருப்பார்கள். முன்சக்கரம் தாண்டி, பின்சக்கரம் வருமுன், வயிறு நேராக அதன் மேலே. 130 மி.மீ.யில் நிற்கிற வண்டி காலியாக இருந்தாலும் 150-ல் தட்டத்தான் செய்யும். சைலன்சர் தட்டினால் சத்தத்தோடு போயிற்று. ஆயில் சம்ப் விரிசல் விட்டு, அதைக் கவனிக்காமல் மலை ஏறினால் என்ஜின் ஜாம். நியாயமாகச் சொன்னால் இதில் குற்றம் காரை மட்டும் சேராது. விதிப்படி மேடு போட்டிருந்தால் தாழ்த்தின வண்டியும் பிழைக்கும், ஆம்புலன்ஸில் படுத்திருக்கிற நோயாளியும் பிழைப்பார். ஆனால் ரோடு இப்படித்தான் என்று தெரிந்தபிறகு அந்த ரோட்டுக்கு வண்டியைத் தயார் செய்வதுதான் நம் கையில் இருப்பது.

சட்டத்தின் மொட்டைக் கத்தி

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகவே படித்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்றது.

நோக்கம் சரி. ஆனால் இந்தச் சட்டம் கையாள்கிற முறையில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் நிறம் இருக்கும், என்ஜின் நம்பர் இருக்கும். ஸ்பிரிங்கில் எத்தனை சுற்று என்று இருக்காது. ஆகவே நிறம் மாறின வண்டி உடனே கண்ணில் படும். டார்ச்சில் சுட்டு அமுக்கின ஸ்பிரிங் படாது. இன்னொரு பக்கம், ஒருத்தர் பரிசோதித்த ஸ்பிரிங்கும் அதற்குப் பொருத்தமான குட்டை ஷாக்கும் போட்டு, வீல் அலைன்மென்ட் செய்து, ஒழுங்காக வைத்திருந்தாலும், சட்டத்தின் முன்னால் அவரும் வெட்டி ஒட்டினவரும் ஒன்று. ஜெர்மனியில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பரிசோதனைச் சான்றோடு வரும் ஸ்பிரிங்கை மாட்டி, அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் வண்டியைக் காட்டினால், பார்த்துவிட்டு வண்டியின் ஆவணத்தில் எழுதிக் கொடுப்பார்கள். நல்ல வேலை செய்தவருக்குக் கதவு திறந்திருக்கிறது, ஆகவே கெட்ட வேலை செய்தவரை எளிதாகப் பிரித்துப் பார்க்கலாம். இங்கே கதவே இல்லை. கதவில்லாத இடத்தில் எல்லாருமே சுவரேறிக் குதிக்கிறவர்கள்தான். திறமையான மெக்கானிக்கும் மறைத்துத்தான் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. மறைத்துச் செய்கிற வேலையை யாரும் சோதிப்பதில்லை.

நம் வண்டிகளுக்கு இது வெறும் வாதமும் இல்லை. தனியார் காருக்குப் பதிவு 15 வருஷம். பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். மாருதி 800 எல்லாம் இந்த வயதுக்காரர்கள். தாழ்த்துவதற்கு முன் கழற்றின பழைய ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் ஆக்கர் கடையில் போடாமல் பரணில் ஏற்றி வைப்பது நல்லது.

கடைசியாக

என் தீர்ப்பு இவ்வளவுதான். இன்றைய சட்டம் இப்படி இருக்கும் வரை, ஊர் ரோட்டில் ஓடுகிற குடும்ப வண்டியைத் தாழ்த்தாமல் இருப்பதே நல்லது. தடத்தில் மட்டும் ஓடுகிற வண்டி என்றால், அல்லது என்றாவது ஒரு நாள் முறையான கதவு திறந்தால், யாரிடம் கொடுத்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். ஸ்பிரிங்கோடு ஷாக்கும் குட்டையாகிறதா? ஆள் ஏறினபிறகு சக்கரம் மேலே ஏற எத்தனை மி.மீ. மிச்சம்? ஜாக்கி வைத்துத் தூக்கினால் ஸ்பிரிங் பிடியில் நிற்குமா? மூன்றுக்கும் எண்ணோடு பதில் சொல்கிறவர் வேலை தெரிந்தவர். 'அதெல்லாம் பாத்துக்கலாம், வண்டி சும்மா செமையா இருக்கும்' என்கிறவரிடம் சாவியைக் கொடுக்க வேண்டாம்.

பழைய காரை நல்லபடியாக மாற்ற இதைவிட மலிவான ஒரு வழியும் இருக்கிறது. உயரத்தை அப்படியே விட்டுவிட்டு, இருபது வருஷமாக ஓடிச் செத்துப்போன ஷாக்கை மட்டும் கழற்றி, அதே அளவில் நல்ல புதுசாக நாலு போட்டுப் பாருங்கள். வண்டி இறுகும், வளைவில் அடங்கும், மழையில் பிரேக் பிடிக்கும். திரும்பிப் பார்க்க ஆள் இருக்காது. ஆனால் கோதையாறு வரை போய்விட்டுத் திரும்பி வரலாம், பின்சீட்டில் இருக்கிறவர்கள் தூங்கிக்கொண்டே வருவார்கள்.